ரிமோட் போர்க்கப்பல் கிட்: 1/72 என்றால் எது எத்தனை மடங்கு சின்னது?

அலமாரியில் வைப்பதற்கென்று வரும் பிளாஸ்டிக் போர்க்கப்பல் கிட்டைப் பார்த்ததும் பலருக்கு ஒரு யோசனை வரும். உள்ளே ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு ரிசீவர் வைத்துவிட்டால் தண்ணீரில் ஓடப்போகிறது, அவ்வளவுதானே? அப்படி நினைத்துக் கட்டிய கப்பல்களில் பல, தண்ணீரில் விட்ட முதல் நாளே ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடுகின்றன. கவிழாதவை போர்க்கப்பல் மாதிரி ஓடுவதில்லை. ஸ்பீடு போட் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்கின்றன.

ஒட்டுவதில் கை சுத்தமாக இருந்தாலும், பெயின்ட் அருமையாக வந்திருந்தாலும் இது நடக்கும். கோளாறு அங்கே இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 1/72 என்ற எண்ணை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. நீளம் 72 மடங்கு குறைந்தால் எல்லாமே 72 மடங்கு குறையும் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் நீளம், எடை, வேகம், நிறம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் சுருங்குகின்றன. காற்றும் பெயின்ட்டின் கனமும் சுருங்குவதே இல்லை. இது பிடிபட்டால் கிட் கட்டும்போது எதை முதலில் செய்வது, எதில் கஞ்சத்தனம் காட்டுவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கப்பல்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், கனடா கடற்படைகள் அட்லாண்டிக்கில் ஓட்டிய ஃப்ளவர் கிளாஸ் கார்வெட் என்ற சிறிய போர்க்கப்பல். சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகப் போய், ஜெர்மன் நீர்மூழ்கிகளை விரட்டுவது இதன் வேலை. மிடில்ஸ்பரோ பக்கத்தில் ஸ்மித்ஸ் டாக் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ரீட், சதர்ன் பிரைட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை அடிப்படையாக வைத்து இதை வடிவமைத்தார். போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத சின்னச் சின்னக் கப்பல் தளங்களிலும் கட்ட முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 200க்கும் மேற்பட்ட கப்பல்கள் இறங்கின. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது எச்.எம்.சி.எஸ். சாக்வில் மட்டும்தான். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நினைவுக் கப்பலாக அதைப் பாதுகாத்து வருகிறார்கள்.

இந்தக் கப்பலுக்கு 1/72 அளவில் மேட்ச்பாக்ஸ் ஒரு கிட் கொண்டுவந்தது. பிறகு அதே கிட்டை ரெவல் வெளியிட்டது. ரிமோட் கப்பல் பழகுகிறவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நிஜக் கப்பலின் நீளம் சுமார் 62.5 மீட்டர், அகலம் 10 மீட்டர். தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் சுமார் 3.5 மீட்டர். எல்லாவற்றையும் 72ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 87 சென்டிமீட்டர், அகலம் 14, அமிழும் ஆழம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதுதான் அளவு விகிதம். நிஜத்தில் இருக்கும் 72 சென்டிமீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டராக இருக்கும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

எடை வேறு கணக்கு

கல்யாண வீட்டு லட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல இரண்டு மடங்கு அகலமான லட்டு ஒன்று பிடிக்க எவ்வளவு பூந்தி வேண்டும்? இரண்டு மடங்கு என்று வாய் சொல்லிவிடும். பிடித்துப் பார்த்தால் எட்டு லட்டின் பூந்தி வேண்டியிருக்கும். அகலம் மட்டுமல்ல, உயரமும் தடிமனும் சேர்ந்தே இரண்டு மடங்காகின்றன: 2 × 2 × 2.

கப்பலும் அப்படித்தான், திசை மட்டும் எதிர்த்திசை. நீளம் 72 மடங்கு குறையும்போது அகலமும் ஆழமும் கூடவே 72 மடங்கு குறைகின்றன. அதனால் எடை குறைவது 72 × 72 × 72, அதாவது 3,73,248 மடங்கு. கார்வெட்டின் எடை சுமார் 940 டன். வகுத்துப் பாருங்கள்: இரண்டரைக் கிலோ. எண்ணெய், குண்டு, தண்ணீர் எல்லாம் நிரப்பிய நிலையில் கணக்கிட்டால் 3 கிலோவைத் தாண்டும்.

இந்த 940 டன் என்பதைப் போர்க்கப்பல் புத்தகங்கள் இடப்பெயர்ச்சி என்று குறிக்கும். கப்பல் தன் உடலால் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் எடை அது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, மிதக்கும் பொருளின் எடையும் அது ஒதுக்கும் தண்ணீரின் எடையும் ஒன்றுதான். ஆகவே போர்க்கப்பலின் எடை தெரிய வேண்டுமானால் புத்தகத்தில் இடப்பெயர்ச்சியைப் பார்த்தால் போதும். வணிகக் கப்பல்களுக்குச் சொல்லும் பலவகை "டன்" கணக்குகள் வேறு. அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

இப்போது இரண்டரைக் கிலோ என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் நிறைய விஷயங்கள் புரியும். மாதிரி இதைவிட லேசாக இருந்தால் தண்ணீருக்கு மேலே அதிகம் தூக்கி நின்று, அடிப்பாகச் சிவப்பெல்லாம் வெளியே தெரியும். கனமாக இருந்தால் முங்கி நிற்கும். கப்பலின் உடலைத் தண்ணீர் தொடும் எல்லைக்கு நீர்க்கோடு என்று பெயர். பெயின்ட்டில் நாம் போடும் கோடும், தண்ணீர் நிஜமாகவே தொடும் கோடும் ஒன்றாக வர வேண்டும் என்றால் எடை சரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் கிட் தேர்வு முக்கியமாகிறது. அமெரிக்காவின் ஃப்ளெட்சர் கிளாஸ் டெஸ்ட்ராயருக்கு 1/144 அளவில் கிட் உண்டு. நீளம் சுமார் 80 சென்டிமீட்டர். பெட்டியைப் பார்த்தால் கார்வெட் மாதிரியேதான் தெரியும். ஆனால் 144 × 144 × 144 என்பது கிட்டத்தட்ட 30 லட்சம். முழுச் சுமையோடு சுமார் 2,500 டன் இருக்கும் டெஸ்ட்ராயர், அந்த அளவில் 850 கிராம்தான் இருக்கலாம். ரிமோட் கார்களில் போடும் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிப் பேக் ஒன்றே 350 கிராமுக்கு மேல் வரும். மீதி 500 கிராமில் பிளாஸ்டிக் உடல், மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, பெயின்ட் எல்லாம் அடங்க வேண்டும். இளைத்த உடல் வேறு: நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவுதான் அகலம். பழகிய கைகளே திணறும் வேலை இது. கார்வெட் குட்டையும் குண்டுமானது, நீளம் அகலத்தைப்போல ஆறு மடங்குதான். அதனால்தான் புதியவர்களுக்கு அது பொருத்தம். முதல் கிட்டாக டெஸ்ட்ராயர் வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சுருக்கமாக: நீளத்தை 72ஆல் வகுக்கிறோம், எடையை 72ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்கிறோம். கிட் வாங்கும்போது நீளத்தைவிட இந்த எடைதான் கேட்க வேண்டிய கேள்வி.

கப்பல் ஏன் கவிழ்கிறது

எடை சரியாக இரண்டரைக் கிலோ இருந்தும் மாதிரி கவிழலாம். எவ்வளவு எடை என்பதோடு அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கப்பலை நிமிர்த்தி வைக்கிறது.

"கனம் முழுக்கத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் கப்பல் நிமிர்ந்து நிற்கும்" என்று பரவலாகச் சொல்வார்கள். அது சரியில்லை. நிஜக் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் எடையின் மையம், தண்ணீர் தாங்கும் விசையின் மையத்துக்கு மேலேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் அவை நிமிர்ந்தே போகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

கப்பலைக் குறுக்கே வெட்டி, முன்பக்கத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி உண்டு. அது ஈர்ப்பு மையம். அங்கிருந்து எடை கீழ்நோக்கி இழுக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தின் நடுப்புள்ளி மிதப்பு மையம். அங்கிருந்து தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. கப்பல் நேராக இருக்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும், சண்டை எதுவும் இல்லை.

இப்போது கப்பலை வலப்பக்கம் கொஞ்சம் சாயுங்கள். ஈர்ப்பு மையம் கப்பலின் உடலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிதப்பு மையம் அப்படி இருக்காது. வலப்பக்கம் அதிகமாக அமிழ்ந்திருப்பதால் அதுவும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. நகர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளும் கோட்டை அப்படியே மேலே நீட்டினால், கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளிக்குப் பெயர் மெட்டாசென்டர். பிரெஞ்சுக்காரர் பியேர் பூகே 1746இல் வெளிவந்த தம் கப்பல் நூலில் விளக்கிய கருத்து இது.

விதி எளிது. ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருந்தால், தண்ணீரின் தள்ளலும் எடையின் இழுப்பும் சேர்ந்து கப்பலைத் திரும்ப நிமிர்த்தும். மேலே போய்விட்டால் அதே இரண்டு விசைகளும் சேர்ந்து கப்பலை இன்னும் சாய்த்துக் கவிழ்த்துவிடும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் கப்பலுக்கு இருக்கும் பாதுகாப்பு. உடல் அகலமாக இருந்தால் மெட்டாசென்டர் மேலே ஏறும். குண்டுக் கார்வெட் புதியவர்களைக் காப்பாற்றுவதற்கும் ஒல்லி டெஸ்ட்ராயர் கைவிடுவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் 1/72இல் இந்தத் தூரமும் 72 மடங்கு சுருங்கிவிடுகிறது. நிஜத்தில் 70 சென்டிமீட்டர் இருந்தால் மாதிரியில் 1 சென்டிமீட்டர்கூட இல்லை. பாய்மரக் கம்பத்தைப் பித்தளையில் செய்து வைத்தாலே அதில் ஒரு பங்கு போய்விடும். கிட் கட்டுகிறவர்கள் மேல்தளத்தில் அழகுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு உலோகத் துண்டும் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறது. ஆகவே நீர்க்கோட்டுக்கு மேலே இருப்பதையெல்லாம் முடிந்தவரை லேசாகச் செய்ய வேண்டும். புகைபோக்கி, பாலம், பீரங்கிமேடை எல்லாம் உள்ளே வெற்றாகவே இருக்கட்டும். எபாக்சி பசை ஊற்றி நிரப்ப வேண்டாம்.

கீழே செய்ய வேண்டியது நேர்மாறு. கப்பலின் அடித்தளத்தில் கனம் சேர்க்க வேண்டும். இதை அடிப்பாரம் என்று சொல்லலாம். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு நல்லது. டயர் கடைகளில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் துண்டுகளும் வசதி. பின்னால் பசை இருப்பதால் ஒட்டலாம், பிடிக்கவில்லை என்றால் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாம். இருப்பதிலேயே கனமான பொருள் பேட்டரி. அதை அடித்தளத்தில் நட்ட நடுவில் கிடத்தி, அசையாமல் கட்டிவிட்டால் அதுவே அடிப்பாரத்தில் ஒரு பகுதி.

எடைக் கணக்கைச் சமையலறை டிஜிட்டல் தராசில் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் பாகங்கள் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் போட்டு நிறுக்க வேண்டும். மோட்டார், பேட்டரி, சர்வோ, ரிசீவர், கம்பிகள், திருகுகள் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயின்ட்டுக்கும் பசைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இரண்டரைக் கிலோவில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அடிப்பாரத்துக்கு நமக்குக் கிடைக்கும் அளவு. அது எவ்வளவு அதிகமாக மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது.

ஆட்டம் வேறு, கவிழ்வது வேறு

அப்புறம் ஒரு குழப்பம். நன்றாக ஆடும் கப்பல் ஆபத்தானது, ஆடாத கப்பல் பத்திரமானது என்று நினைக்கிறோம். ஃப்ளவர் கார்வெட்டுகள் மோசமாக ஆடும் என்று பெயர் எடுத்தவை. ஈரப் புல்லில்கூட உருளும் என்று மாலுமிகள் சொல்வார்கள். அதே கப்பல்கள்தான் வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்களைத் தாங்கி வந்தன. சாய்ந்த வேகத்தில் நிமிரும் பலம் அவற்றுக்கு இருந்தது.

பார்க்க வேண்டியது எவ்வளவு ஆடுகிறது என்பதை அல்ல. எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பதைத்தான். குழந்தைகளுக்கான காற்றடிக்கும் நீச்சல் தொட்டியில் மாதிரியை விடுங்கள். தளத்தின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திச் சாய்த்து, சட்டென்று விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர ஒரு வினாடி அளவில் எடுத்தால், 14 சென்டிமீட்டர் அகலமுள்ள இந்த மாதிரிக்கு அது ஆரோக்கியமான ஆட்டம். மெட்டாசென்டர் தூரம் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வினாடி எடுத்து, நிமிர்வதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மெதுவாகத் திரும்பினால் அந்தத் தூரம் 3 மில்லிமீட்டர்தான். அந்தக் கப்பலைக் குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்தச் சோதனையை மேல்தளங்களை ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பில் தற்காலிகமாக நிறுத்திவைத்துச் செய்யலாம். ஒட்டிப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு உள்ளே ஈயத்தை நகர்த்துவது பெரும் வதை.

உள்ளே தேங்கும் தண்ணீரும் இதில் சேரும். நான்கைந்து ஸ்பூன் தண்ணீர் அடியில் இருந்தால், கப்பல் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடிச் சாய்வைக் கூட்டும். கட்டாத பேட்டரி நகர்ந்தாலும் இதேதான்.

சுருக்கமாக: எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும், கப்பல் எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்து அதை நிமிர்த்துகின்றன. மேலே லேசு, கீழே கனம். விரலால் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

காற்று சுருங்குவதில்லை

மாதிரியைச் சுருக்கலாம், குளத்தின்மேல் வீசும் காற்றைச் சுருக்க முடியாது. காற்று கப்பலைச் சாய்க்கும் விசை, பக்கவாட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 72 × 72 மடங்கு குறைகிறது. நிமிர்த்தும் எடையோ 72 × 72 × 72 மடங்கு குறைந்துவிட்டது. அதனால் அளவு குறையக் குறைய காற்றின் கை ஓங்குகிறது.

கணக்குப் போட்டால், நிஜக் காற்றின் வேகத்தை 72இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 72இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.5. மாலையில் வேர்வை காயும் அளவுக்கு வீசும் 15 கிலோமீட்டர் வேகக் காற்று, இந்தக் கார்வெட்டுக்கு மணிக்கு 127 கிலோமீட்டர் வேகப் புயல். கடற்பயண அளவுகோலில் மிக உச்சமான சூறாவளி நிலையே 118 கிலோமீட்டரில் தொடங்கிவிடுகிறது. ஆகவே அடிப்பாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நிஜக் கப்பலுக்கு இருந்ததைவிட மாதிரிக்குக் கொஞ்சம் கூடுதல் நிமிரும் பலம் கொடுத்துவிடுங்கள். முதல் ஓட்டத்துக்குக் காற்றில்லாத அதிகாலையே சரி.

வேகம்: சின்னக் கப்பல் எப்படிப் பெரிய கப்பலாகத் தெரிகிறது

நிஜக் கார்வெட்டின் உச்ச வேகம் 16 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அப்படியானால் கார்வெட் வினாடிக்கு 8.2 மீட்டர் போகும். மாதிரிக்கு எவ்வளவு? 72ஆல் வகுத்தால் வினாடிக்கு 11 சென்டிமீட்டர், நத்தை வேகம். வகுக்காமல் விட்டால் சைக்கிளையும் முந்தும். இரண்டுமே தவறு.

சரியான விடையைக் கண்டவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். இங்கிலாந்தின் டார்க்கியில் தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீளமான ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, 1872 முதல் பிரிட்டிஷ் கடற்படைக்காக மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்தார். கப்பல் ஓடும்போது முன்னும் பின்னும் எழும் அலைகளைக் கவனித்து அவர் நிறுவியது இது: மாதிரியின் வேகம், அளவு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைந்தால், மாதிரி எழுப்பும் அலைகளும் நிஜக் கப்பலின் அலைகளும் ஒரே வடிவத்தில் இருக்கும். இன்றும் பெரிய கப்பல்களைக் கட்டுமுன் மாதிரியை வைத்துச் சோதிப்பது இந்த அடிப்படையில்தான்.

நமக்கும் இதுதான் விதி. 8.2ஐ 8.5ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். நிதானமாக நடந்து போகிறவர் கரையில் கூடவே வரலாம். இந்த வேகத்தில் கார்வெட்டின் முன்புறம் எழும் அலை, புகைப்படங்களில் இருப்பது போலவே இருக்கும். இரண்டு மீட்டர் வேகத்தில் ஓட்டினால் அது 33 நாட் போகும் கார்வெட். உலகில் அப்படி ஒன்று இருந்ததில்லை. கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், பொம்மை என்று உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு சக்தி வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. நிஜக் கப்பலின் நீராவி எஞ்சின் 2,750 குதிரைத்திறன். எடைக்கான வகுத்தலையும் வேகத்துக்கான வகுத்தலையும் சேர்த்துச் செய்தால், மாதிரிக்கு வேண்டியது 0.65 வாட். ஆமாம், ஒரு வாட்கூட இல்லை. சின்ன உடலில் தண்ணீரின் உராய்வு பங்குக்கு மேல் இருக்கும், சின்ன புரொப்பல்லரும் சக்தியை வீணடிக்கும். பல மடங்கு கூட்டி வைத்தாலும் சில வாட்டுகளுக்குள் முடிந்துவிடும். ரேஸ் கார் மோட்டாரை இதற்குள் திணிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மெதுவாகச் சுற்றும் சின்ன பிரஷ் மோட்டார் போதும். கனமும் குறைவு, பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும்.

உள்ளே இருப்பவை

இந்தப் பகுதியைப் பற்றி விளக்கங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரிசீவருக்கு சிக்னல் வருகிறது. ரிசீவர் இரண்டு பேருக்கு உத்தரவு கொடுக்கும். ஒன்று சர்வோ, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். அது சுக்கானைத் திருப்பும். இன்னொன்று ஸ்பீடு கன்ட்ரோலர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பலகை. கப்பலுக்கு வாங்கும்போது பின்னோக்கியும் ஓட்டக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் கப்பலுக்கு பிரேக் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது, எனவே ஆன்டெனா நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

கவனம் கேட்கும் இடம் ஒன்றுதான்: புரொப்பல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியே வரும் இடம். தண்டு ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஓடும், குழாய்க்குள் கிரீஸ் நிரப்பி இருக்கும். தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அந்த கிரீஸ். குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே வருமாறு சாய்வாகப் பொருத்தினால், கிரீஸ் தீர்ந்தாலும் கப்பல் மூழ்காது. அலமாரிக் கிட்டுகளில் உடலின் இரண்டு பாதிகளை ஒட்டும் இணைப்பும் பலவீனமானது. உள்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் பட்டை வைத்து எபாக்சி பூசிவிடுங்கள்.

பெயின்ட்: கனமும் நிறமும்

பெயின்ட்டும் சுருங்குவதில்லை. நாம் அடிக்கும் ஒரு பூச்சின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/72இல் அது மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு. பிரஷ்ஷில் மூன்று நான்கு முறை தடவினால் கதவு விளிம்பும் தகட்டு இணைப்பும் புதைந்துபோகும். அதனால்தான் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக அடிக்கச் சொல்கிறார்கள். துருக் கோடு போடும்போதும் இதே கணக்கு: ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு, நிஜத்தில் 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு வழியும் துரு. நங்கூரத் துளைக்குக் கீழே அது பொருந்தும், எல்லா இடத்திலும் இழுத்தால் கப்பல் மூழ்கி எடுத்தது போல் ஆகிவிடும்.

நிறத்திலும் ஒரு விஷயம் உண்டு. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது, நிஜக் கப்பலை 72 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்று நிறங்களை வெளிற வைக்கும். அதனால் கப்பலின் உண்மையான நிறத்தையே அப்படியே அடித்தால் மாதிரி இருண்டு தெரியும். கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலப்பது வழக்கம். எவ்வளவு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது, இதில் கட்டுபவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மினுமினுப்பு மட்டும் கூடவே கூடாது. கடைசியில் மேட் வார்னிஷ் அடித்துவிட வேண்டும், அது ஸ்டிக்கர் எண்களைத் தண்ணீரிலிருந்தும் காப்பாற்றும்.

கார்வெட்டுக்கு என்ன நிறம்? போர்க்கப்பல் என்றதும் அடர்சாம்பல் மனதில் வரும். அட்லாண்டிக் கார்வெட்டுகளில் பலவற்றின் உடல் வெள்ளை. அதன்மேல் இளநீலமும் இளம்பச்சையும் திட்டுத்திட்டாக. இதை உருவாக்கியவர் பீட்டர் ஸ்காட். பறவைகளை வரையும் ஓவியர், இயற்கையியலாளர், போரில் எச்.எம்.எஸ். புரோக் என்ற டெஸ்ட்ராயரில் அதிகாரி. தென்துருவப் பயணத்தில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மகன்.

வெள்ளைக் கப்பல் எப்படி மறையும் என்று கேட்கத் தோன்றும். நீர்மூழ்கிகள் இரவில் மேலே மிதந்தபடி தாக்கின. அவற்றின் தாழ்ந்த மேடையிலிருந்து பார்ப்பவனுக்குக் கப்பலின் பின்னால் தெரிவது கடல் அல்ல, வானம். மேகம் மூடிய இரவு வானத்துக்குக்கூடக் கொஞ்சம் வெளிச்சம் உண்டு, அதன் முன்னால் சாம்பல் கப்பல் கறுப்பு நிழலாகத் தெரிந்துவிடும். வெள்ளை உடல், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வானத்தோடு கலந்துவிடும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது டாஸில் வண்ணத்தை. வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்த முதல் உலகப் போர்க் கப்பல்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் 1917இல் கொண்டுவந்தது அது. அதன் வேலை கப்பலை மறைப்பது இல்லை. கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதில் எதிரியின் கணிப்பைத் தவறவைத்து, டார்பிடோவைக் குறிதவறச் செய்வதே அதன் நோக்கம். ஒன்று மறைக்க, மற்றது ஏமாற்ற. உங்கள் கிட்டுக்கு எதை அடிக்கிறீர்கள் என்பது அந்தக் கப்பல் எந்த ஆண்டில், எந்தக் கடலில் இருந்தது என்பதைப் பொறுத்தது. கப்பலின் பெயரையும் ஆண்டையும் முடிவு செய்துவிட்டுப் பெயின்ட் வாங்குங்கள்.

வீடியோ எடுக்கும்போது

வேகத்துக்குச் சொன்ன அதே 8.5 இங்கேயும் வரும். நீளம் 72 மடங்கு குறைந்து, வேகம் 8.5 மடங்கு மட்டும் குறைவதால், மாதிரியின் ஆட்டம், அலை, திரும்புதல் எல்லாம் நிஜத்தைவிட 8.5 மடங்கு சீக்கிரம் நடந்து முடிகின்றன. ஒரு வினாடியில் ஆடித் திரும்பும் மாதிரி, நிஜத்தில் எட்டரை வினாடி ஆடும் கப்பல். சரியான வேகத்தில் ஓட்டினாலும் வீடியோவில் படபடப்பாகத் தெரிவது இதனால்தான். போனில் ஸ்லோ மோஷனை வினாடிக்கு 240 படம் என்று வைத்து எடுத்து, 30 படம் என்ற கணக்கில் ஓடவிட்டால் எட்டு மடங்கு மெதுவாகும், ஏறத்தாழ வேண்டிய அளவு. கேமராவை நின்றபடி பிடிக்காமல் தண்ணீரிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். 1/72இல் அது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், பக்கத்துப் படகில் நிற்பவரின் கண் உயரம்.